நுவரெலியா குளிர்ல குட்டி ஆமை சாப்பிட மாட்டேங்குது, என்ன செய்ய?

நானுஓயா_அக்கா:
மாமா கொழும்புல இருந்து தம்பிக்கு ஒரு ஆமை வாங்கிட்டு வந்தாரு, பத்து ரூவா குத்திய விட கொஞ்சம் பெருசு, கண்ணுக்குப் பின்னால சிவப்புக் கோடு. கடையில இது இப்படியே சின்னதா இருக்கும்னாங்களாம். பேசினுல தண்ணி, ஒரு கல்லு, மேல ஒரு எல்ஈடி பல்ப். மொதல்ல நல்லா தின்னுச்சு, இப்ப ஒம்பது நாளா பாண் போட்டாலும் பெல்லட் போட்டாலும் அப்படியே ஊறிப் போய் கெடக்கு. ஒரு கண்ணு வீங்கி மூடியிருக்கு. அம்மா, குளிர்ல ஆமை தூங்கும் விட்ருன்றாங்க, உண்மையா?

பண்டாரவளையான்:
தங்கச்சி, அது தூங்கல, விறைச்சுப் போயிருக்கு. இந்த சிவப்புக் காது ஆமை ஜாதி அமெரிக்கா பக்கத்துது, அங்க நல்ல தெம்பான பெரிய ஆமை வயித்தக் காலி பண்ணிட்டு, தண்ணி 10 டிகிரிக்குக் கீழ போனப்புறம் தான் அடங்கும். நம்ம வீட்டுத் தண்ணி 15, 16ல நிக்கும், அதுல ஒழுங்கா தூங்கவும் முடியாது தின்னது செரிக்கவும் செரிக்காது, உள்ளுக்குள்ளேயே அழுகும். அதனால இப்ப சாப்பாடு போடாதீங்க, மொதல்ல சூடு. மீன் தொட்டி ஹீட்டர் ஒன்னு போட்டு மெதுவா 26, 27க்குக் கொண்டு வாங்க, ஒரேடியா சுடுதண்ணி ஊத்திடாதீங்க. கல்லு தண்ணிக்கு மேல நல்லா காயணும், அதுக்கு நேர மேல குண்டு பல்ப், கல்லு மேல 32 கிட்ட இருக்கணும். எல்ஈடி வெளிச்சம் தான் தரும், சூடு தராது.

ஹட்டன்_லயம்:
அண்ணே சொன்னது சரி, நான் பட்டுத் தெரிஞ்சிக்கிட்டவன். என்னுது மூக்குல சின்னச் சின்ன குமிழி விட்டுக்கிட்டு ஒரு பக்கமா சாஞ்சு நீந்துச்சு, விளையாடுதுன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன், நெஞ்சுல சளியாம், போயிருச்சு. உங்களுது அப்படி சாஞ்சா ஒரு நாளும் தள்ளாதீங்க, பேராதனை மிருக வைத்திய பீட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. கண்ணு வீங்குறது அனேகமா விட்டமின் ஏ இல்லாம தான், பாண நிப்பாட்டுங்க. உடம்பு சூடானதும் கரட் துருவி போடுங்க, நம்மூர்ல அதுக்கா பஞ்சம். முள்ளோட சின்ன மீனும் போடலாம், கிளிக்கு வைக்கிற கணவாய் ஓட்ட ஒடச்சு தண்ணியில போட்டா கொறிக்கும், ஓடு கெட்டியாகும்.

வெயில் வந்தா அரை மணித்தியாலம் இஸ்தோப்புக்கு வெளிய வைங்க, கண்ணாடிக்குப் பின்னால இல்ல, ஓட்டுக்கு வேண்டிய கதிர கண்ணாடி மறிச்சிரும். பாதி நெழலு வேணும், மேல கம்பி வலை கட்டாயம், காக்கா சும்மா விடாது.

நானுஓயா_அக்கா:
தேர்மாமீட்டர் போட்டுப் பார்த்தேன், காலையில 14! பாவம். சாஞ்சு நீந்தல, நேரா தான் போகுது. மழைக்கு கரண்ட் போனா என்ன பண்றது? மாமா, முடியலன்னா கிரகரி வாவியில விட்ரலாம்னாரு.

பண்டாரவளையான்:
ஐயோ வேணாம். வெளிய இருந்து வந்து உள்ளூர் உயிரினங்களக் கெடுக்குற, உலகத்துலேயே மோசமான 100 அந்நிய இனங்கள்னு போட்ட பட்டியல்ல இதுவும் இருக்கு. கரண்ட் போனா ரெஜிஃபோம் (வெள்ளை நுரை அட்டை) பெட்டியில ஈரத் துணி விரிச்சு உள்ள வைங்க, வெந்நீர் போத்தல துணியில சுத்தி ஒரு ஓரமா. மூடியில ஓட்டை போட மறக்காதீங்க. பிறகு, கடைக்காரன் சொன்னது பச்சைப் பொய், பொட்டைன்னா ஓடே 25 சென்டிமீற்றர் தாண்டும், 20 வருஷத்துக்கு மேல இருக்கும். தம்பி தொட்டா சவர்க்காரம் போட்டு கை கழுவச் சொல்லுங்க, சல்மொனெல்லா கிருமி இருக்கும், இதுக்காகவே அமெரிக்காவுல 4 அங்குலத்துக்குக் குறைஞ்ச ஆமை விக்க 1975லேயே தடை போட்டாங்க.

நானுஓயா_அக்கா:
குண்டு பல்ப் இப்ப எங்கயும் இல்லன்றாங்களே அண்ணே?

ஹட்டன்_லயம்:
கோழிக்குஞ்சு தீனி விக்கிற கடையில கேளுங்க, குஞ்சுக்குப் போடுற சூட்டு பல்ப் இருக்கும். எட்டத்துல தொங்க விட்டு, கல்லு மேல தேர்மாமீட்டர வச்சுப் பார்த்து பார்த்து எறக்குங்க.