மன்னார்குடி வீடு குழு: இருபது பெசோ அரிசி

8 பிப்ரவரி 2023, புதன்

பெரியப்பா: அருண், பிலிப்பைன்ஸில் ஜனவரி மாதப் பணவீக்கம் 8.7 சதவீதம் என்று செய்தி வந்திருக்கிறது, 14 வருடத்தில் இல்லாத அளவாம். அனுப்புகிற பணம் போதுகிறதா இல்லையா, மறைக்காமல் சொல்.

அருண் (டவாவ்): போதுகிறது பெரியப்பா. மெஸ்ஸில் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். சாம்பாரில் வெங்காயத்தை டார்ச் அடித்துத் தேட வேண்டியிருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை 😄

அத்தை: வெங்காயத்துக்கு என்னடா வந்தது?

அருண்: டிசம்பர் கடைசியில் கிலோ 600, 700 பெசோ வரைக்கும் போனது அத்தை. நம் காசுக்கு 900, 1000 ரூபாய். மணிலாவில் குறைந்தபட்ச நாள் கூலியே 570 பெசோதான், அப்படியென்றால் ஒருவர் நாள் முழுக்க வேலை பார்த்தாலும் ஒரு கிலோ வெங்காயம் வாங்க முடியாது. இப்போது இறக்குமதி வந்ததும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

அத்தை: அடப்பாவமே. அடுத்த மாதம் அங்கே வருகிற பையன் யாராவது இருந்தால் ஐந்து கிலோ கொடுத்தனுப்பவா?

அருண்: வேண்டவே வேண்டாம்!! போன மாதம் ரியாத், துபாயிலிருந்து வந்த விமான ஊழியர்கள் பத்துப் பேரிடமே கிட்டத்தட்ட 40 கிலோ வெங்காயமும் பழமும் பிடித்தார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் கொண்டு வரக் கூடாது.

தாத்தா: அங்கே வெங்காயம் விளையாதா

அருண்: விளையும் தாத்தா. நுவேவா எசிஹா என்று ஒரு மாகாணம், அங்கே போங்கபோன் என்ற ஊர்தான் வெங்காயத்துக்குப் பேர் போனது. அறுவடை பிப்ரவரி, மார்ச்சில்தான் மும்முரம். அந்த நேரத்தில் விவசாயியிடம் வந்த விலைக்கு வாங்கிக் குளிர்பதனக் கிடங்கில் அடுக்கிவிடுகிறார்கள், கிடங்கு வைத்திருப்பது கொஞ்சம் பேர். வருடக் கடைசியில் சரக்கு குறையும்போது விலை அவர்கள் கையில். அரசு முன்கூட்டியே இறக்குமதி செய்திருக்கலாம், செய்யவில்லை. ஊர் முழுக்கக் கத்திய பிறகு 21,000 டன் கொண்டு வந்தார்கள், அது வந்து இறங்கியது ஜனவரி கடைசியில், சரியாகப் புது வெங்காயம் வெளியே வருகிற நேரம். விலை ஏறினபோது விவசாயி கையில் சரக்கு இல்லை, சரக்கு வந்தபோது விலை இல்லை.

தாத்தா: எல்லா ஊரிலும் இதே கதைதான். இங்கே போன வாரம் மழையில் சம்பா சாய்ந்து கிடக்கிறது

பெரியப்பா: எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தையே திட்டாதே அருண். புது அரசு வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. உக்ரைன் போர், பெட்ரோல் விலை, டாலர் ஏற்றம் எல்லாம் யார் தலையில் கட்டுவது? போன வருடம் அவர்கள் பொருளாதாரம் 7.6 சதவீதம் வளர்ந்திருக்கிறது, 1976க்குப் பிறகு அதுதான் அதிகம். அதையும் சேர்த்துச் சொல்.

அருண்: சரி, அதுவும் உண்மைதான். கொரோனாவுக்குப் பிறகு கடைகள் திறந்ததும் எல்லோரும் செலவு செய்தார்கள், அதில் வந்த வளர்ச்சி. ஆனால் விவசாயம் அந்தக் கணக்கில் அசையவே இல்லை. விவசாயத் துறை அமைச்சர் யார் தெரியுமா? வேறு யாருமில்லை, அதிபர் மார்கோஸேதான். பதவி ஏற்கும்போதே அந்தத் துறையைத் தானே வைத்துக்கொண்டார், இன்னும் விடவில்லை. ஆகஸ்டில் 3 லட்சம் டன் சர்க்கரை இறக்குமதிக்கு அவர் பெயரில் ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டு, நான் சொல்லவே இல்லை என்று இவர் சொல்லி, அந்த அதிகாரி பதவி விலகினார். வெங்காயம் எகிறியபோது இவர் டாவோஸில். இன்று ஜப்பான் கிளம்பிவிட்டார்.

உமா: இவர் அந்த ஆயிரக்கணக்கான ஜோடி செருப்பு அம்மாவின் மகன்தானே?

அருண்: அவரேதான் உமாக்கா, இமெல்டாவின் மகன் போங்போங். அப்பா மார்கோஸ் 1972இல் ராணுவச் சட்டம் போட்டார், 1986இல் மக்கள் தெருவுக்கு வந்து விரட்டினார்கள், குடும்பத்தோடு ஹவாய்க்குப் போனார். அவர் போகும்போது நாட்டின் வெளிநாட்டுக் கடன் சுமார் 2,600 கோடி டாலர்.

உமா: அப்புறம் எப்படி ஓட்டுப் போட்டார்கள்?

குவைத் மாமா: அதை என்னிடம் கேள். என் கூட வேலை பார்க்கிற பிலிப்பைன்ஸ் நர்ஸுகளில் முக்கால்வாசி அவருக்குத்தான் போட்டார்கள். பெரும்பாலும் 1986க்கு அப்புறம் பிறந்தவர்கள். மார்கோஸ் காலம் பொற்காலம் என்று ஃபேஸ்புக்கிலும் டிக்டாக்கிலும் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள், நாம் ஏதாவது சொன்னால் உங்களுக்குத் தெரியாது சார் என்பார்கள். ஒன்று சொல்கிறேன், அந்த நாட்டை நிமிர்த்தி வைத்திருப்பதே இவர்கள் அனுப்புகிற காசுதான். 2021இல் வங்கி வழியாக மட்டும் 3,140 கோடி டாலர் போயிருக்கிறது. போன மாதம் இங்கே பாலைவனத்தில் ஒரு பிலிப்பினோ வீட்டு வேலைப் பெண்ணின் உடல் கிடைத்ததிலிருந்து எல்லோரும் கலங்கிப் போயிருக்கிறார்கள். முதல் முறையாக இங்கே வீட்டு வேலைக்கு வருகிறவர்களை இன்றிலிருந்து அவர்கள் அரசு நிறுத்தி வைத்திருக்கிறது. நிறுத்தினால் மட்டும் போதுமா, ஊரில் வேலை வேண்டாமா?

அருண்: மாமா சொல்வது சரி. கூடவே கூட்டணிக் கணக்கும் இருக்கிறது. இங்கே அதிபருக்குத் தனி ஓட்டு, துணை அதிபருக்குத் தனி ஓட்டு. வடக்கே இலோகோஸ் மார்கோஸ் கோட்டை, தெற்கே எங்கள் டவாவ் டுடெர்டே கோட்டை. முன்னாள் அதிபரின் மகள் சாரா டுடெர்டேயைச் சேர்த்துக்கொண்டார். மார்கோஸுக்கு 3.16 கோடி ஓட்டு, சாராவுக்கு அதைவிட அதிகம், 3.22 கோடி. என் வீட்டுக்கார அம்மா மார்கோஸ் பேச்சு வந்தாலே உதட்டைப் பிதுக்குவார், சாராவை ஒரு வார்த்தை சொல்லிவிட முடியாது. அதிபர் பதவி ஆறு வருடம், ஒரே முறைதான். 2028க்கு ஆள் ரெடி என்று இங்கே இப்போதே பேசுகிறார்கள்.

பெரியப்பா: பரவாயில்லையே, நம் ஊர் போலவே நடக்கிறது. மார்கோஸ் மகன் எம்பியா?

அருண்: மகன் எம்பி, அக்கா செனட்டர், மாமன் மகன் சபாநாயகர் 😅

பெரியப்பா: மஹார்லிகா நிதி என்று ஒன்று கொண்டு வருகிறார்களே, அது நல்ல யோசனை. சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனம் தெமாசெக் போல முதலீடு செய்யப் போகிறார்கள்.

அருண்: சிங்கப்பூரிடம் உபரி இருந்தது பெரியப்பா, இவர்கள் கடனில் இருக்கிறார்கள். முதல் வரைவில் அரசு ஊழியர், தனியார் ஊழியர் ஓய்வூதிய நிதியையே எடுத்துப் போடுவதாக இருந்தது. பெரிய கூச்சல் எழுந்ததும் அதை நீக்கினார்கள். டிசம்பரில் கீழ்சபையில் வேக வேகமாக நிறைவேற்றிவிட்டார்கள், செனட் பாக்கி.

அத்தை: பிஎஃப் பணத்தையா?? நல்ல வேளை கத்தினார்கள்.

தாத்தா: அந்த மார்கோஸ் அரிசி கிலோ 20 பெசோவுக்குத் தருவதாகச் சொன்னானே அது என்ன ஆயிற்று. 67இல் இங்கே ரூபாய்க்கு மூணு படி என்றார்கள். மூணு படி லட்சியம் ஒரு படி நிச்சயம் என்று ஆகி அந்த ஒரு படியும் சென்னை கோவையோடு நின்றது

அருண்: கடையில் இன்னும் 40 பெசோ பக்கம்தான் தாத்தா. நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரசின் தேசிய உணவு ஆணையமான என்எஃப்ஏ காய்ந்த நெல்லைக் கிலோ 19 பெசோவுக்கு வாங்குகிறது. 100 கிலோ நெல்லை அரைத்தால் 65 கிலோ அரிசி. அப்போது நெல் விலையே அரிசிக்கு 29 பெசோ ஆகிவிடுகிறது. அரவைக் கூலி, லாரி, கடைக்காரர் லாபம் எல்லாம் அதுக்கு மேல். 20க்குத் தர வேண்டுமென்றால் மிச்சத்தை அரசு போட வேண்டும், இல்லாவிட்டால் விவசாயி வயிற்றில் அடிக்க வேண்டும்.

உமா: ரேஷன் கடை கிடையாதா?

அருண்: நம்மைப் போல அட்டை போட்டு வீட்டுக்கு வீடு இல்லை. முன்பு என்எஃப்ஏ அரிசியைச் சந்தையில் 27 பெசோவுக்கு விற்றார்கள். 2019இல் அரிசிச் சட்டத்தை மாற்றி, யார் வேண்டுமானாலும் வரி கட்டி இறக்குமதி செய்யலாம் என்று திறந்துவிட்டு, என்எஃப்ஏவை அவசரக்கால இருப்பு வைக்கிற வேலையோடு நிறுத்தினார்கள். போன வருடம் 38 லட்சம் டன் இறக்குமதி, பெரும்பகுதி வியட்நாம். அங்கே நெல் விளைவிக்கிற செலவு இங்கே ஆவதில் ஏறக்குறைய பாதிதான்.

தாத்தா: ஐஆர் 8 நெல் அங்கே இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்துதானே வந்தது. நான் ஐஆர் 20 எத்தனை வருடம் போட்டேன். கும்பகோணத்துக்காரர் சுவாமிநாதன் அந்த நிலையத்துக்குத் தலைவராகவே இருந்தார்

அருண்: ஆமாம் தாத்தா, லோஸ் பான்யோஸ், மணிலாவிலிருந்து கொஞ்ச தூரம். விதை கொடுத்த ஊர் இப்போது உலகத்திலேயே அதிகமாக அரிசி வாங்குகிற நாடுகளில் ஒன்று. விதை மட்டும் இருந்தால் ஆகுமா, வாய்க்கால் வேண்டும், களம் வேண்டும், கொள்முதல் வேண்டும்.

அத்தை: நீ அங்கே யாரிடமும் இதெல்லாம் பேசாதே. படிக்கப் போன இடம்.

அருண்: தெரியும் அத்தை. வெளிநாட்டுக்காரர்கள் போராட்டத்துக்குப் போனால் நாடு கடத்துவார்கள். இங்கே குழுவில் மட்டும்தான்.

தாத்தா: நெல் 19 பெசோ என்றால் நம் காசுக்கு எவ்வளவு

அருண்: 28 ரூபாய்க்கு மேல் வரும் தாத்தா.

தாத்தா: இங்கே சன்ன ரகம் குவிண்டால் 2,160. கிலோ 21 ரூபாய் சில்லறை. அவனுக்கு 28 கொடுத்துமா விளைய மாட்டேன் என்கிறது

அருண்: அந்த விலைக்கு என்எஃப்ஏ வாங்குவது மொத்த விளைச்சலில் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் வியாபாரி சொல்கிற விலை. நம்மைப் போல ஊருக்கு ஊர் கொள்முதல் நிலையம் கிடையாது.

தாத்தா: இங்கே இருந்தும் மூன்று நாளாக மூட்டை வெளியில்தான் கிடக்கிறது. ஈரப்பதம் அதிகம் என்கிறான். நாளைக்கு உன் பெரியப்பனை அனுப்பிப் பார்க்கச் சொல்கிறேன்

பெரியப்பா: காலையில் போகிறேன் அப்பா.