மாம்பழச்சிட்டு எந்தக் குடும்பம்?

குடியாத்தம் மாந்தோப்பு:
வணக்கம். எங்கள் தோப்பில் மாம்பழச்சிட்டும் பச்சைச்சிட்டும் ஒரே கிளையில் மேய்கின்றன. கல்லூரி நூலகத்தில் உள்ள பழைய நூல் இரண்டையும் ஒரே குடும்பத்தில் சேர்த்திருக்கிறது. புதிய பட்டியலில் தனித்தனிக் குடும்பங்கள். இரண்டும் பச்சை, இரண்டும் சிறியவை. எதை வைத்துப் பிரித்தார்கள்?

காட்பாடி விலங்கியல் ஆசிரியர்:
தம்பி, நிறத்தை வைத்து உறவு சொல்லாதீர்கள். இலைகளுக்குள் வாழும் பறவைக்குப் பச்சை நிறம் பாதுகாப்பு; யாருக்கும் அது வாய்க்கலாம். வாயைப் பாருங்கள். பச்சைச்சிட்டின் நாக்கு நுனி தூரிகைபோல் பிரிந்திருக்கும், தேன் உறிஞ்சுவதற்கு. மாம்பழச்சிட்டுக்கோ பூச்சியும் புழுவும்தான் முக்கியம். புளியமரத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: சிறு கிளையில் தலைகீழாகத் தொங்கி, ஒவ்வோர் இலையின் அடிப்புறத்தையும் துழாவும்.

1758இல், உயிரினங்களுக்கு அறிவியல் பெயர்முறை வகுத்த லின்னேயஸ் மாம்பழச்சிட்டை வாலாட்டிகளின் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) வைத்தார். 1816இல்தான் தனிப் பேரினம் கிடைத்தது. அதன் பிறகும் நெடுங்காலம் பச்சைச்சிட்டுகளோடும், மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் பழம் தின்னும் நீலப்பறவையோடும் ஒரே குடும்பமாகக் கட்டி வைத்திருந்தார்கள். டி.என்.ஏ. ஒப்பீடு அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது. மாம்பழச்சிட்டு காகம், கரிச்சான், மாங்குயில், கீச்சான் எல்லாம் இருக்கும் பெருங்கிளையைச் சேர்ந்தது. பச்சைச்சிட்டோ தேன்சிட்டும் ஊர்க்குருவியும் இருக்கும் மறுகிளை. நம் பனைமரங்களில் தோளோடு தோள் ஒட்டி உட்காரும் சாம்பல் நிறப் பறவைகளும், மடகாஸ்கர் தீவின் வாங்கா என்னும் பறவைகளும் மாம்பழச்சிட்டுக்கு நெருங்கிய சொந்தம்! இதை வகுப்பில் சொன்ன போதெல்லாம் எனக்கே சிலிர்க்கும்.

ஆம்பூர் அக்கா:
ஐயா சொன்னது சரி. மாம்பழச்சிட்டுக்குத் தனிக் குடும்பம்; அதில் மொத்தமே நான்கு இனங்கள், ஒரே பேரினம். நான்குமே ஆசியாவில்தான். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் இடுப்பு இறகுகளைப் பொசுபொசுவென்று உப்பிக்கொண்டு, விசிலடித்தபடி பந்துபோல் சுழன்று இறங்குவதைக் கட்டாயம் பாருங்கள். அப்போது தலையும் முதுகும் கருத்திருக்கும். பருவம் முடிந்ததும் பச்சையாகிவிடும். கூட்டைச் சிலந்தி நூலால் கிளையோடு சேர்த்துக் கட்டியிருக்கும். மரத்துக்கு மருந்து அடிக்கும்முன் கவட்டைகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள், தம்பி.

குடியாத்தம் மாந்தோப்பு:
நன்றி ஐயா, அக்கா. வாலில் வெள்ளை தெரிகிற ஒன்றைப் பார்த்ததாக அப்பா சொல்கிறார். அதுவும் இதே இனமா?

காட்பாடி விலங்கியல் ஆசிரியர்:
வெள்ளை அதிகமிருந்தால் மார்ஷல் மாம்பழச்சிட்டாக இருக்கலாம். நான்கில் அதுவும் ஒன்று. வடமேற்கு இந்தியாவின் வறண்ட காடுகளில்தான் அதிகம், இங்கே கண்டால் பெரிய சேதி. சொல்லை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். வால் விரிந்திருக்கும்படி ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.