பிளை கட்டிலுக்கு அடியில் ஒளிந்தாரா? நியூ சவுத் வேல்ஸ் படையணி குறித்து ஒரு வாக்குவாதம்

கடலோடி:
1808 ஜனவரி 26 அன்று, ஆஸ்திரேலியாவில் பிரித்தானியக் குடியேற்றமாக இருந்த நியூ சவுத் வேல்ஸின் படையணி சிட்னியில் அதன் ஆளுநர் வில்லியம் பிளையைக் கைது செய்தது நியாயமே என்றும், கட்டிலுக்கு அடியில் ஒளிந்த கோழையை இழுத்து வெளியே போட்டதற்காக அந்தச் சிப்பாய்களைக் குறை கூற முடியாது என்றும் செங்கோட்டான் நேற்று இங்கே தீர்ப்பு வழங்கியிருக்கிறார். தாம் தலைமை வகித்த பவுண்டி கப்பலின் கலகக்காரர்கள் இறக்கிவிட்ட திறந்த படகில் ஏறத்தாழ 3,600 கடல் மைல் கடந்து தீமோர் சேர்ந்தவரை, 1801இல் கோபன்ஹேகன் போரில் நெல்சனின் கீழ்ப் போர்க்கப்பல் செலுத்தியவரைக் கோழை என்று எழுத அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

செங்கோட்டான்:
கடலில் வீரம் காட்டியவர் கட்டிலுக்கு அடியில் நுழையமாட்டார் என்று எந்தச் சாத்திரத்தில் எழுதியிருக்கிறது, ஐயா? மேஜர் ஜார்ஜ் ஜான்ஸ்டன் தலைமையில் சிப்பாய்கள் கொடி பிடித்து, வாத்தியம் முழங்க மாளிகைக்கு வந்தபோது, வாயிலில் குடையை ஓங்கியபடி வழிமறித்தவர் மகள் மேரி. தந்தையோ நெடுநேரம் தேடிய பிறகே அகப்பட்டார். அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்கப்படும் நீர்வண்ணப் படம் இன்றும் நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தில் இருக்கிறது. கண்ணால் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கடலோடி:
பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். தோளில் சரிகை மின்ன, முழுச் சீருடையில் ஆளுநர் தரையில் கிடக்க, சிவப்புச் சட்டைக்காரர்கள் அவரைப் பிடித்து இழுக்கும் அந்தப் படம் கலகக்காரர்களின் தரப்பு பரப்பிய கேலிச்சித்திரம். எதிரி வரைந்ததைச் சாட்சி என்று கொண்டுவருவது எவ்வகை ஆராய்ச்சி? முக்கியமான காகிதங்களை மறைத்துக்கொண்டிருந்ததாகவே பிளை சொன்னார். கப்பலில் வந்த சரக்கை மொத்தமாக வாங்கிப் பன்மடங்கு விலைக்கு விற்றுவந்த அதிகாரிகளுக்கு, சாராயத்தைக் கூலியாகவும் காசாகவும் கொடுக்கும் வழக்கத்தை அவர் தடுத்தது பொறுக்கவில்லை. அதுதான் காரணம், கட்டில் அல்ல.

செங்கோட்டான்:
காகிதத்தை மறைக்கக் கட்டில்தான் கிடைத்ததா? மேசை இல்லையா, அலமாரி இல்லையா? கேட்டது கட்டிலைப் பற்றி. தாங்கள் சாராயக் கடைக்குப் போய்விட்டீர்கள்.

ஏட்டுப்பிள்ளை:
இருவரும் கட்டிலை விட்டு எழுந்தால் நல்லது. 1810இல் லாக்லன் மக்குவாரி ஆளுநராகப் பொறுப்பேற்றபோது அவருடன் வந்தது 73ஆம் படையணி. பழைய படையணி 102ஆம் எண் தாங்கி இங்கிலாந்து திரும்பியது. அதிலிருந்து பலர் 73ஆம் அணிக்கு மாறி அங்கேயே தங்கினர். அந்த 73ஆம் அணிதான் 1814இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, மறு ஆண்டு கண்டிப் படையெடுப்பில் பங்கேற்றது. தமிழில் எழுதுபவர்களுக்கு இது அல்லவா முதலில் கண்ணில் பட்டிருக்க வேண்டும்?

செங்கோட்டான்:
எந்த விவாதத்தையும் இலங்கைக்குக் கப்பலேற்றாவிட்டால் இவருக்கு உறக்கம் வராது.

கடலோடி:
இவரைச் சொல்லும் தகுதி தங்களுக்கு இல்லை. 1854 டிசம்பர் 3 அன்று பல்லாரட்டில் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் எழுப்பிய யூரேகா அரணைத் தாக்கியது போலீசார் மட்டுமே என்று போன விவாதத்தில் சாதித்தவர் தாங்கள். 12ஆம், 40ஆம் படையணிகளின் வீரர்கள் அங்கே நின்றதையும், 40ஆம் அணியின் கேப்டன் வைஸ் அந்தத் தாக்குதலில் பட்ட காயத்தால் இறந்ததையும் எடுத்துக்காட்டிய பிறகும் தங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. இப்போது கட்டில்.

மரநிழல்:
1816 ஏப்ரலில் மக்குவாரியின் ஆணைப்படி சென்ற 46ஆம் படையணி, சிட்னிக்குத் தென்மேற்கே உள்ள ஏப்பின் அருகே இரவில் பூர்வகுடிகளின் முகாமைச் சூழ்ந்து குறைந்தது 14 பேரைக் கொன்றது. சிலர் செங்குத்தான பாறை விளிம்பிலிருந்து விழுந்து இறந்தார்கள். ஓர் ஆளுநரின் மானத்துக்கு இத்தனை பத்தி எழுதியவர்கள் இதற்கு ஒரு வரியாவது ஒதுக்கலாம்.

கடலோடி:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நண்பரே, நானும் வருகிறேன். செங்கோட்டானுக்கு: 1811இல் லண்டனில் நடந்த இராணுவ நீதிமன்றம் ஜான்ஸ்டனைக் குற்றவாளி என்று கண்டு பதவியிலிருந்து நீக்கியது, பிளைக்கோ கடற்படையில் பதவி உயர்வு கிடைத்தது. கலகத்தைத் தூண்டிவிட்ட முன்னாள் படையணி அதிகாரி ஜான் மெக்கார்தர் 1817 வரை குடியேற்றத்துக்குத் திரும்ப முடியவில்லை. கோழை யார்?

செங்கோட்டான்:
கலகம் செய்தவனுக்குத் தூக்குத் தராமல் வெறும் பதவி நீக்கத்தோடு விட்டார்கள் என்றால், நீதிபதிகளுக்கே பிளையின் மீது என்ன மதிப்பு இருந்தது என்பது விளங்கவில்லையா? கட்டிலைப் பற்றி இன்னும் பதில் வரவில்லை.

கடலோடி:
மூன்று முறை வந்துவிட்டது. படிப்பதற்குத் தங்களுக்குப் படம்தான் வேண்டும் போலும்.