கீசர் தண்ணீரில் கப் நூடுல்ஸ் போடலாமா?

கேள்வி: துரைப்பாக்கம்_நைட்ஷிஃப்ட்

வணக்கம். துரைப்பாக்கத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி இரவு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறேன். அறையில் கெட்டில், இண்டக்‌ஷன் எதுவும் வைக்கக் கூடாது. போன வருடம் யாரோ ஒரு பிளக்கைக் கருக்கிவிட்டார்கள், அதிலிருந்து வார்டன் அக்கா வாரம் ஒரு முறை அலமாரியைத் திறந்தே பார்க்கிறார். விடிகாலை நாலரைக்கு நான் வந்து சேரும்போது மெஸ் பூட்டியிருக்கும். பசி தாங்காது. அதனால் ரெண்டு மாதமாக பாத்ரூம் கீசரை இருபது நிமிடம் போட்டு, ஆவி பறக்கிற தண்ணீரைப் பிடித்து கப் நூடுல்ஸில் ஊற்றி மூடி வைத்துச் சாப்பிடுகிறேன். கப்பில் 3 நிமிடம் என்று போட்டிருக்கிறது, எனக்கு 8 நிமிடம் ஆகிறது. அப்போதும் நடுவில் ஒரு கட்டி விறைப்பாகவே இருக்கும்.

நேற்று அதே தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் பிடித்து வைத்தேன். ஆறின பிறகு மேலே மெல்லிசாக வெள்ளை ஏடு, அடியில் மணல் மாதிரித் துகள். மசாலா கலந்துவிட்டால் இது கண்ணில் படாது. இதுவரை வாந்தி, பேதி என்று எதுவும் வந்ததில்லை. சூடான தண்ணீர்தானே, கிருமியெல்லாம் செத்திருக்காதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கீசர்_சர்வீஸ்_மடிப்பாக்கம்

தங்கச்சி, இதை இன்றோடு நிறுத்திவிடும்மா.

18 வருடமாகக் கீசர் கழற்றி மாட்டுகிறேன். நீ பார்த்த வெள்ளை, உப்புத் தண்ணீரின் சுண்ணாம்பு. அது ஆளை ஒன்றும் செய்யாது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார். உங்கள் பக்கத்து ஹாஸ்டல்களில் போர் தண்ணீரும் லாரி தண்ணீரும் சம்ப்பில் கலந்து மேல் தொட்டிக்கு ஏறுகிறது. தொட்டியைக் கழுவி எத்தனை மாதம் ஆனதோ. குடிக்கக் கேன் தண்ணீர்தானே வாங்குகிறீர்கள்? நூடுல்ஸில் ஊற்றினாலும் அது உன் வயிற்றுக்குள்தான் போகிறது.

போன வாரம் பள்ளிக்கரணையில் ஒரு 15 லிட்டர் கீசரை இறக்கினேன். வடியவிட்டபோது முதலில் தெளிவாக வந்தது, அப்புறம் டீ டிகாஷன் நிறத்தில் வந்தது. கடைசியில் நொறுங்கின அப்பளம் மாதிரி செதில் செதிலாக ரெண்டு கைப்பிடி. உள்ளே மெக்னீசியம் ராடு ஒன்று இருக்கும். புதிதில் விரல் தடிமன். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க அந்த ராடு கரைந்து கொடுக்க வேண்டும், அதற்காகத்தான் அதை வைக்கிறார்கள். இதில் நடுக்கம்பி மட்டும்தான் மிச்சம் இருந்தது. கரைந்ததெல்லாம் தண்ணீரில்தானே போயிருக்கும்? குளிக்க அது போதும். சாப்பிட அந்தத் தொட்டியை யாரும் செய்யவில்லை.

சூடும் போதாது. நாங்கள் பெரும்பாலும் தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்குத்தான் வைப்போம். உன் நூடுல்ஸ் கட்டியாக நிற்பது அதனால்தான்.

பதில்: கெமிஸ்ட்ரி_டீச்சர்_திருச்சி

அந்தக் கட்டியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பெரும்பாலான இன்ஸ்டன்ட் நூடுல்ஸைத் தொழிற்சாலையிலேயே ஆவியில் வேகவைத்து எண்ணெயில் பொரித்துவிடுகிறார்கள். நாம் ஊற வைக்கிறோம், அவ்வளவுதான். ஆகவே தண்ணீரை மட்டும் பார்த்தால் போதும்.

கிருமி விஷயத்தில், தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் நம்பலாம். கீசரில் அது கொதிப்பதே இல்லை. ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போனால் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே நிற்கும். பல கிருமிகளுக்குப் பிடித்த சூடு அது.

எனக்கு அதைவிடக் கவலை காரீயம் (lead) என்கிற நச்சு உலோகம். பழைய பித்தளைக் குழாய், பற்றவைத்த இணைப்பு, சில பழைய பிவிசி பைப் ஆகியவற்றிலிருந்து தண்ணீரில் இறங்கக்கூடியது. பிவிசி பைப்பில் காரீயம் சேர்ப்பதைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021ல்தான் விதி போட்டது. ஹாஸ்டல் கட்டடம் அதற்கு முந்தையதாக இருக்கலாம். சுடுதண்ணீர் காரீயத்தைப் பச்சைத் தண்ணீரைவிட வேகமாகக் கரைக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அங்குள்ள வீடுகளுக்கே, குடிக்கவும் சமைக்கவும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரைத்தான் பிடிக்க வேண்டும், குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்கவும் அப்படியே என்கிறது. காரீயத்துக்கு நிறமில்லை, வாசனையில்லை, ருசியில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். நம் நாட்டுக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500ன்படி ஒரு லிட்டரில் 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் குழாயில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சோதனைக் கூடத்தில் கொடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது.

பதில்: கும்பகோணம்_பாட்டி

டீச்சர், எங்கள் வீட்டில் அறுபது வருடமாக ஈயச்சொம்பில்தான் ரசம். புளியும் தக்காளியும் போட்டுக் கொதிக்கவிடுகிறோம். அதுவும் விஷமா? படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

பதில்: கெமிஸ்ட்ரி_டீச்சர்_திருச்சி

அம்மா, ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. நான் சொன்னது காரீயம். பெயரில் ஈயம் இருந்தாலும் ரெண்டும் வேறு வேறு உலோகம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் வெள்ளீயத்தில்தான் பூச வேண்டும். சுத்த வெள்ளீயச் சொம்பு என்றால் நிம்மதியாக ரசம் வையுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் மட்டும் தெரிந்த கடையில் வாங்குங்கள், காரீயம் கலந்து விற்கிறவர்களும் உண்டு.

பதில்: சோழிங்கநல்லூர்_கேப்

நானும் இரவு ஷிஃப்ட்தான் சிஸ்டர். ஒரு லிட்டர் ஸ்டீல் ஃபிளாஸ்க் வாங்குங்கள். கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஆபீஸ் பேன்ட்ரியில் கேன் தண்ணீரைக் கெட்டிலில் கொதிக்கவிட்டு நிரப்புங்கள். அதற்கு முன் ஃபிளாஸ்க்கில் கொஞ்சம் கொதிதண்ணீர் ஊற்றி அலசிக் கொட்டிவிட வேண்டும், அப்போதுதான் சூடு நிற்கும். கேப் ஒரு மணி நேரம் சுற்றி வந்தாலும் நூடுல்ஸ் நன்றாக ஊறும்.

பதில்: துரைப்பாக்கம்_நைட்ஷிஃப்ட்

எல்லோருக்கும் நன்றி. நேற்று தோழியின் ஃபிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு போய் அலசி நிரப்பி வந்தேன். விடிகாலை மூடியைத் திறந்தபோது என் மூக்குக் கண்ணாடி ஆவியில் மூடிக்கொண்டது. 4 நிமிடத்தில் கட்டியே இல்லாமல் ஊறிவிட்டது.

கீசர் அண்ணா, மேல் தொட்டியை எப்போது கழுவினார்கள் என்று வார்டன் அக்காவிடம் கேட்டேன். அவருக்கு நினைவில்லை. டம்ளரைக் கொண்டுபோய்க் காட்டினேன், ரொம்ப நேரம் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தொட்டி கழுவ ஆள் வரச் சொல்லியிருக்கிறார். கீசரையும் அன்றே வடியவிட்டுப் பார்க்கச் சொல்லட்டுமா?