பொருள்: ‘மவுண்ட்’, ‘அன்மவுண்ட்’ – கேமராக் கையேட்டுக்குச் சொல் வேண்டும் (சனிக்கிழமை அச்சு)

தண்டையார்பேட்டை, ஒளிப்படப் பயிற்றுநர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மாலை வகுப்புக்காக ‘புது கேமராவைக் கணினியில் சேர்ப்பது எப்படி’ என்ற கையேடு தயாராகிறது. சனிக்கிழமை காலை அச்சுக்குப் போயாக வேண்டும். படிக்கப்போகிறவர்கள் ஸ்டுடியோ வேலைக்கும் கல்யாண வேலைக்கும் போகப்போகிற பிள்ளைகள். பெரும்பாலும் அவர்களுக்கு அதுதான் முதல் கேமரா. ஒரு சொல்லில் நிற்கிறேன்: மவுண்ட்.

கேபிளையோ கார்டையோ செருகுவது ஒரு செயல். செருகிய பிறகு கணினி அந்த கார்டின் கோப்பு முறையை (கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் அமைப்பை) படித்து, தன் கோப்புறைகளோடு சேர்த்து ஓர் இடம் கொடுத்து, நாம் திறக்கும்படி வைப்பது இன்னொரு செயல். முதலாவது நடக்காவிட்டால் கேபிளையும் போர்ட்டையும் பார்க்க வேண்டும். இரண்டாவது நடக்காவிட்டால் கேமரா மெனுவையும் கார்டையும் பார்க்க வேண்டும். இரண்டையும் ‘இணை’ என்றே எழுதினால் பிள்ளைகள் கேபிளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

மவுண்ட் என்றே விடலாம் என்றால், கேமரா படிக்கிறவர்களுக்கு மவுண்ட் என்பது லென்ஸ் உட்காரும் வளையம். நிக்கான் எஃப் மவுண்ட் 1959, கேனன் ஈஎஃப் மவுண்ட் 1987 என்று முதல் பாடத்திலேயே நடத்திவிடுகிறோம். ஆகவே வேறு சொல் வேண்டும், அதற்கு எதிர்ச்சொல்லும் வேண்டும்.

பெரம்பூர், மொழிபெயர்ப்பாளர்:

ஏற்று – இறக்கு. பெரிய கணினிகளின் காலத்தில் நாடாச் சுருளையும் வட்டு அடுக்கையும் ஆள் தூக்கிக் கொண்டுபோய் இயந்திரத்தில் ஏற்றினார்கள். 1970-களின் தொடக்கத்தில் யூனிக்ஸ் இயங்குதளம் அதே சொல்லைக் கட்டளையாக வைத்துக்கொண்டது. ஆகவே ஏற்றுவதுதான் மூலப் பொருள். தன்வினை, பிறவினை இரண்டும் கைவசம் இருக்கின்றன: ‘கார்டு ஏறவில்லை’, ‘கார்டை ஏற்று’.

வண்ணாரப்பேட்டை, கேமரா சர்வீஸ்:

அண்ணா, ஏற்று சரி, இறக்கு ஆகாது. கடைக்கு வருகிற எல்லாருக்கும் ‘இறக்கு’ என்றால் படத்தைக் காப்பி எடுப்பது. ‘கார்டை இறக்கவும்’ என்று அச்சில் போட்டால், கார்டை விடுவிக்க வேண்டிய இடத்தில் பையன் மறுபடியும் காப்பி போட ஆரம்பிப்பான். ஏற்று என்றாலும் இணையத்தில் ஏற்றுவதுதான் நினைவுக்கு வரும்.

சொல் எதுவானாலும் டீச்சர், கையேட்டில் வரிசை மாறக்கூடாது. முதலில் கேபிள். கணினியில் செருகும் தட்டையான யூஎஸ்பி (டைப்-ஏ) வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு பட்டைகள் தெரியும். ஓரத்து இரண்டும் மின்சாரத்துக்கு, நடு இரண்டும் தரவுக்கு. ஓரத்துப் பட்டைகள் சற்று நீளமாக இருக்கும், மின்சாரம் முதலில் தொட வேண்டும் என்பதற்காக. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் சிலவற்றில் நடுப்பட்டைகளே இருக்காது. சிலவற்றில் பட்டை இருக்கும், உள்ளே கம்பி இருக்காது. அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஒரு போனைச் செருகி அதன் படங்கள் கணினியில் வருகின்றனவா என்று பார்ப்பதே சோதனை. பர்மா பஜாரில் வாங்கினாலும் எங்கே வாங்கினாலும் ‘டேட்டா கேபிள்’ என்று கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்து போர்ட். மேசைக் கணினியானால் முன்பக்கத்தை விட்டுவிட்டு, பின்னால் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் செருக வேண்டும். மின்சாரம் இல்லாத ஹப் வேண்டாம். கேமராவில் பேட்டரி நிறைவாக இருக்க வேண்டும். தானாக அணையும் நேரத்தைக் கூட்டி வைக்க வேண்டும். வைஃபை போட்டிருந்தால் யூஎஸ்பியே வேலை செய்யாத கேமராக்கள் உண்டு, அதையும் நிறுத்திப் பார்க்கணும். கடலோரத்தில் இருப்பவர்கள் கார்டின் தகடுகளைப் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் மங்கிப்போயிருந்தால், பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் லேசாகத் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போட வேண்டும்.

இராயபுரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்பர்களே, ‘பூட்டு’ என்ற அருமையான வினையை எல்லோரும் கதவோடு நிறுத்திவிட்டோம். காண் – காட்டு, உண் – ஊட்டு என்பதுபோல் பூண் – பூட்டு. பூண்பது தன்வினை, பூட்டுவது பிறவினை. ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம். தனித்தனியே கிடந்த இரண்டை ஒன்றாக வேலை செய்ய வைப்பதுதான் பூட்டுதல். பூட்டிய பிறகுதான் உழவு. மவுண்ட் என்பதற்கு இதைவிடத் துல்லியமான வினை கிடையாது. ‘கணினி கார்டைப் பூண்டது’ என்று எழுதிப் பாருங்கள், காதுக்கும் இனிக்கிறது. எதிர்ச்சொல் அவிழ்.

வண்ணாரப்பேட்டை:

ஐயா, ஒரே ஒரு சிக்கல்தான், ஆனால் பெரிய சிக்கல். எஸ்டி கார்டின் இடது விளிம்பில் ஒரு சின்னத் தள்ளுபொத்தான் இருக்கிறது. அதைக் கீழே, அதாவது தகடுகளுக்கு எதிர்ப்பக்கம் தள்ளினால் கார்டு பூட்டிக்கொள்ளும். கேமராத் திரையிலேயே ‘கார்டு பூட்டப்பட்டுள்ளது’ என்று வரும். இந்தப் பூட்டைக் கார்டு அறியாது. ரீடருக்குள் இருக்கும் நெம்புகோல்தான் அந்த இடம் நிரம்பியிருக்கிறதா, காலியா என்று தொட்டுப் பார்க்கிறது. பொத்தான் உடைந்து விழுந்துவிட்டால் இடம் காலி, அதனால் எப்போதும் பூட்டியதாகவே காட்டும்.

பூட்டிய கார்டும் மவுண்ட் ஆகும், படிக்க மட்டும். ‘பூட்டிய கார்டையும் பூட்டலாம்’ என்று கையேட்டில் எழுத முடியுமா ஐயா?

காசிமேடு, படகு எந்திரத் தொழில்நுட்பர்:

துறைமுகத்தில் கப்பல் அணையும் என்பார்கள். அணைந்த பிறகுதான் சரக்கு இறங்கும். அணை – அகற்று என்று வைக்கலாமே?

தண்டையார்பேட்டை:

கையேட்டின் முதல் படியே ‘கேமராவை அணைத்துவிட்டு கேபிளைச் செருகவும்’ என்பதுதான். அணைத்த கேமரா அணையவில்லை என்று மூன்றாம் படியில் வரும். நல்ல சொல்தான், இந்தப் பாடத்துக்குப் பொருந்தாது. மன்னிக்கவும்.

வியாசர்பாடி, லினக்ஸ் பயிற்சியாளர்:

சொல்லைத் தேடும் முன் அது எங்கெங்கே வரும் என்று பிரித்துவிடுவோம்.

கேமரா மெனுவில் யூஎஸ்பி முறை என்று ஒன்று உண்டு. பழைய கேமராக்கள் பலவற்றில் மாஸ் ஸ்டோரேஜ் (கேமராவைப் பென் டிரைவ் போலக் காட்டுவது), பிடிபி (படங்களை மட்டும் கேட்டு வாங்கும் நெறிமுறை) என இரண்டு இருக்கும். மாஸ் ஸ்டோரேஜில் கார்டு முழுவதும் கணினியின் கைக்குப் போய்விடும். விண்டோஸில் அதற்கு ஒரு டிரைவ் எழுத்து கிடைக்கும், படங்கள் இருக்கும் டிசிஐஎம் கோப்புறை நேரே தெரியும். அந்த நேரத்தில் கேமராவால் படம் எடுக்க முடியாது; இரண்டு பேர் ஒரே கோப்பு முறையில் எழுதினால் அது கெட்டுவிடும். பிடிபியில் அப்படி இல்லை. அது ஐஎஸ்ஓ 15740 தரம். அதன் விரிவுதான் எம்டிபி. கார்டு கேமராவின் பொறுப்பிலேயே இருக்கும், கணினி ஒவ்வொரு படமாகக் கேட்டு வாங்கும். விண்டோஸில் கருவியின் பெயர் தெரியும், டிரைவ் எழுத்து வராது. மேக்கில் ஃபைண்டரில் தெரியவே தெரியாது, இமேஜ் கேப்சர் போன்ற செயலியைத் திறந்தால்தான் வரும். மீடியா வசதிகள் இல்லாமல் வரும் விண்டோஸின் ‘என்’ பதிப்பாக இருந்தால் மீடியா ஃபீச்சர் பேக் போடும் வரை எம்டிபி வேலை செய்யாது. இதெல்லாம் கேபிள் பழுதே இல்லை.

பல புதிய கேமராக்களில் மாஸ் ஸ்டோரேஜ் முறையே கிடையாது. அதனால் என் கருத்து: கேபிள் பக்கத்தில் மவுண்ட் என்ற சொல்லே வேண்டாம். ‘கேமரா தெரிகிறது, தெரியவில்லை’ என்று எழுதினால் போதும். கார்டு ரீடர் பக்கத்தில் மட்டும்தான் இந்தச் சொல் வேண்டும்.

பெரம்பூர்:

தம்பி, லினக்ஸில் பிடிபி கேமராவையும் கோப்பு மேலாளருக்குத் துணையான ஜிவிஎஃப்எஸ் மவுண்ட் செய்கிறதே? கேமராவைக் கையாளும் ஜிபோட்டோ2 நிரலை ஓட்டினால் கருவியைப் பிடிக்க முடியவில்லை என்று பிழை வருவது அதனால்தானே?

வியாசர்பாடி:

ஆமாம் அண்ணா, அங்கே மட்டும் உண்டு. முதலில் கோப்பு மேலாளரில் கேமராவை விடுவித்துவிட்டுப் பிறகு ஜிபோட்டோ2 ஓட்ட வேண்டும். ஆனால் கையேடு விண்டோஸுக்குத்தானே.

இராயபுரம்:

பூட்டை விட்டுவிடுகிறேன். வண்ணாரப்பேட்டைத் தம்பியின் காரணம் வலுவானது. ஆனால் அதைவிட நல்ல சொல் ஒன்று நம் வாயிலேயே இருக்கிறது: மாட்டு – கழற்று.

‘கார்டை மாட்டு, கார்டைக் கழட்டு’ என்று வடசென்னை முழுக்கப் பேசுகிறோம். பேச்சுச் சொல் என்று தள்ளிவிட வேண்டாம். தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் செய்யுள் உறுப்புகளில் மாட்டும் ஒன்று. பொருள் தொலைவில் கிடந்தாலும் அருகில் கிடந்தாலும், இயைத்து முடிவு காட்டுவது மாட்டு. நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டு உரையில் எங்கோ இருக்கும் அடியை எங்கோ இருக்கும் அடியோடு கொண்டுவந்து சேர்ப்பது இந்த மாட்டைக் காட்டித்தான். வெளியே கிடக்கும் கோப்புகளைக் கணினியின் கோப்புறை வரிசைக்குள் கொண்டுவந்து, அங்கேயே இருப்பதுபோல் படிக்க வைப்பது வேறென்ன? கழற்று என்பதும் சுழல் – சுழற்று போல, கழல் – கழற்று என்று முறையாகப் பிறந்தது. தெருவும் இலக்கணமும் ஒரே சொல்லில் சந்திப்பது அரிது. கிடைத்ததைக் கைவிடக் கூடாது.

பெரம்பூர்:

ஐயா காட்டிய ஒப்புமையில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் தெருவில் மாட்டு என்றால் கையால் செருகுவது. ‘மாட்டியாச்சு, வரல’ என்றுதான் பழுதைச் சொல்லவே செய்கிறார்கள். டீச்சர் பிரிக்கச் சொன்ன இரண்டையும் இந்தச் சொல் மறுபடி ஒன்றாக்கிவிடுகிறது.

வேறு வழி இல்லையென்றால் ‘மவுண்டு’ என்றே உகரம் சேர்த்து எழுதலாம். திசைச்சொல்லுக்கு நம் இலக்கணத்தில் இடம் உண்டு. வல்லின ஒற்றில் சொல் முடியக்கூடாது என்பதற்கும் அது ஒத்துவரும். பரங்கிமலைக்குப் போகிற சாலையை அண்ணா சாலை ஆன பிறகும் மவுண்ட் ரோடு என்கிறவர்கள்தானே நாம்.

இராயபுரம்:

மலைக்கு வைத்த பெயரைக் கார்டுக்கு வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளைகள் அந்தச் சொல்லை மனப்பாடம் செய்வார்கள். ஏன் அப்படி என்று கேட்கவே மாட்டார்கள். சொல் தன் வேலையைத் தானே சொல்ல வேண்டும்.

வண்ணாரப்பேட்டை:

மாட்டு பற்றி இன்னொன்று. ‘கார்டு மாட்டிக்கிச்சு’ என்று ஒருவர் கடைக்கு வந்தால், கார்டு வளைந்து சிலாட்டுக்குள் சிக்கியிருக்கிறது என்று பொருள். நான் இடுக்கியை எடுத்துவிடுவேன்.

தண்டையார்பேட்டை:

எல்லாருக்கும் நன்றி. இன்று இரவு வரிகளை முடித்தாக வேண்டும். வியாசர்பாடித் தம்பி சொன்னபடி கேபிள் பக்கத்தில் ‘தெரிகிறது’ மட்டும். கேபிளும் கார்டும் ‘செருகு’, லென்ஸ் ‘மாட்டு’. ரீடர் பக்கத்துக்குப் பொருத்து – விடுவி என்று வைக்கிறேன். பொருந்து, பொருத்து என இரண்டு வினையும் கிடைக்கிறது, கையேட்டில் வேறெங்கும் இந்தச் சொல் வரவில்லை. பெயராக வரும் இடத்தில் ‘பொருத்தல்’. ‘பொருத்தம்’ என்று எழுதினால் ஜாதகம் நினைவுக்கு வரும்.

வியாசர்பாடி:

ஏற்கிறேன் டீச்சர், ஒரு திருத்தத்தோடு. ‘கார்டு பொருந்தவில்லை’ என்று எங்கும் எழுத வேண்டாம். இந்தக் கேமராவுக்கு ஒத்துவராத கார்டு என்று நினைத்துப் புது கார்டு வாங்கப் போய்விடுவார்கள். ‘கணினி கார்டைப் பொருத்தவில்லை’ என்று பிறவினையில்தான் எழுத வேண்டும்.

அதற்குக் கீழே காரணங்களையும் தாருங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் வருகின்றன. எஸ்டிஎச்சி (32 ஜிபி வரையிலான கார்டு வகை) வரை மட்டும் படிக்கும் பழைய ரீடரில் அவற்றைச் செருகினால் ‘ஃபார்மட் செய்யவா’ என்று கணினி கேட்கலாம். ‘ஆம்’ சொல்லவே கூடாது, படங்கள் போய்விடும். கார்டைத் திரும்பக் கேமராவில் போட்டுப் படங்கள் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு, வேறு ரீடர் தேட வேண்டும். ஃபார்மட் செய்வதானால், படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, கேமராவிலேயே செய்ய வேண்டும்.

‘விடுவி’ பகுதியைச் சுருக்கலாம். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து விரைவாக அகற்றும் முறையே (எழுதுவதைத் தேக்கி வைக்காத முறை) இயல்பாக இருக்கிறது. ஆனாலும் காப்பி ஓடும்போது பிடுங்கக் கூடாது. லினக்ஸில் எழுத வேண்டியது நினைவகத்தில் காத்திருக்கும், அங்கே விடுவித்தே ஆக வேண்டும்.

பெரம்பூர்:

பொருத்து எனக்கும் சம்மதம். ஏற்று இதைவிட நல்லது என்றே இன்னும் நினைக்கிறேன், ஆனால் நாளை அச்சு.

இராயபுரம்:

கையேட்டுக்குப் பொருத்து போகட்டும். என் வாக்கு மாட்டுக்கே. அடுத்த பதிப்பில் கார்டுக்குச் செருகு, லென்ஸுக்குப் பொருத்து, கணினிக்கு மாட்டு என்று இடம் மாற்றிப் பார்க்கும்படி பயிற்றுநர் அம்மாவைக் கேட்டுக்கொள்கிறேன். மாட்டு உரைகளில் வரும் இடங்களைத் தொகுத்துத் தனி மடலில் அனுப்புகிறேன்.