பிறந்த வருடம் என்ன போட்டீர்? டவுண்காரருக்கு ஒரு கேள்வி

பாளை வாத்தியார் · காலை 6.10

நேற்று இந்தக் குழுவில் டவுண்காரன் என்பவர் நீளமாக ஒரு பதிவு போட்டிருந்தார். பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை இன்ஃப்ளூயன்சர் ஆக்குவது எப்படி என்று. அடுத்த வாரம் முதல் தன் வீட்டு மொட்டை மாடியில் பந்தல் போட்டுப் பத்து நாள் வகுப்பு எடுக்கப் போகிறாராம், தலைக்கு 3,000 ரூபாய். அது அவர் பாடு, கொடுக்கிறவர் பாடு. ஆனால் நடுவில் ஒரு வரி: "இன்ஸ்டாகிராமில் 13 வயது கேட்கிறதே என்று பயப்பட வேண்டாம். பிறந்த வருடத்தைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் திறந்துவிடும். என் மகளுக்கு அப்படித்தான் போட்டேன்."

கொஞ்சம் என்றால் எவ்வளவு? மகள் ஆறாம் வகுப்பு என்று அவரே எழுதியிருக்கிறார். 31 வருடம் கணக்கு எடுத்தவன் கேட்கிறேன். என்ன வருடம் போட்டீர்?

டவுண்காரன் · காலை 7.25

அவ்வளவு பெரிய பதிவில் சாருக்கு அந்த ஒரு வரிதான் கண்ணில் பட்டிருக்கிறது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழ வேண்டும், முதல் மூன்று விநாடியில் என்ன சொல்ல வேண்டும், பள்ளிக்கூடச் சீருடையும் வீட்டு வாசலும் ஏன் படத்தில் வரக்கூடாது, கமெண்டில் கெட்ட வார்த்தை வந்தால் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது, எல்லாம் எழுதினேன். ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து எழுதினேன்.

அபாகஸ், கராத்தே, இந்தி, கீபோர்டு என்று எட்டு வயதிலேயே பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு போகிறோம். இது மட்டும் பாவமா? அமெரிக்காவில் ரயான் என்று ஒரு பையன். 2015இல் யூடியூபில் பொம்மைப் பெட்டியைப் பிரித்துக் காட்ட ஆரம்பித்தான். 2018இல் ஃபோர்ப்ஸ் பத்திரிகை கணக்குப்படி ஒரே வருடத்தில் 2.2 கோடி டாலர். நம் பிள்ளைகளுக்கு வாய் இல்லையா, முகம் இல்லையா?

பாளை வாத்தியார் · காலை 7.31

ரயான் பிறந்தது 2010. ஊர் உலகத்துக்கே தெரியும், அவன் அப்பா மறைக்கவில்லை. உம் மகளுக்கு என்ன வருடம் போட்டீர்?

வண்ணார்பேட்டை வக்கீல் · காலை 8.40

வருடம் கிடக்கட்டும். காசு எங்கே போகிறது? 2016 குழந்தைத் தொழிலாளர் திருத்தச் சட்டப்படி 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை வேலைக்கு வைக்கக்கூடாது. படம், விளம்பரம் மாதிரி ஒளி-ஒலி வேலைகளில் நடிக்கும் குழந்தைக்கு விலக்கு உண்டு. அதற்கும் 2017 விதி இருக்கிறது. ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. 3 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் கூடாது. வருமானத்தில் 20 சதவீதமாவது தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளை பெயரில் டெபாசிட் போட வேண்டும். மொட்டை மாடி ரீல் வேலையா விளையாட்டா என்று முதலில் பேசி முடியுங்கள், அப்புறம் சண்டை போடலாம்.

டவுண்காரன் · காலை 8.52

வக்கீல் சார், என் வீடு என்ன சினிமா ஸ்டுடியோவா? இதுவரை வந்த மொத்த வருமானம் ஒரு பாவாடை சட்டை. ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் கொடுத்தார். பாவாடையில் 20 சதவீதத்தைக் கத்தரித்தா பாங்கில் போடுவது?

வண்ணார்பேட்டை வக்கீல் · காலை 9.05

சும்மா வந்த பாவாடையும் கணக்குதான். 2023 ஜனவரியில் நுகர்வோர் துறை வெளியிட்ட வழிகாட்டியைப் படியும். பணமோ, இலவசப் பொருளோ, வாங்கிக்கொண்டு காட்டினால் இது விளம்பரம் என்று பார்ப்பவருக்குத் தெரிகிற மாதிரி போட வேண்டும். போட்டீரா?

பாளை வாத்தியார் · காலை 9.06

அதை அவர் போட்டாரோ இல்லையோ, வருடம் போட்டார். எந்த வருடம் என்பதுதான் கேள்வி.

சென்னைவாழ் நெல்லை · காலை 10.20

வணக்கம். விளம்பரத் துறையில் 12 வருடமாக இருக்கிறேன் என்பதால் சொல்கிறேன், இங்கே ரெண்டு பக்கமும் விவரம் இல்லாமல் பேசுகிறீர்கள். யூடியூபில் விளம்பரக் காசு வர 1,000 சந்தாதாரரும் ஒரு வருடத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், இல்லாவிட்டால் 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடி பார்வை. பணம் வாங்கும் கணக்கு 18 வயதானவர் பெயரில்தான் இருக்க முடியும். குழந்தைகளுக்கான வீடியோ என்று குறித்துவிட்டால் கமெண்ட் கிடையாது, ஆளுக்கேற்ற விளம்பரமும் கிடையாது. 2020 ஜனவரியிலிருந்து அப்படித்தான். நேரலைக்குத் தனியாக வர 2025 ஜூலையிலிருந்து 16 வயது ஆக வேண்டும். டவுண்காரர் வகுப்பில் இதையெல்லாம் சொல்லிக் கொடுப்பாரா? போன சாரலில் நம்ம மாவட்டக் குற்றாலத்துக்கு வந்தபோது பார்த்தேன், அருவிக்கரையில் நூறு பிள்ளைகள், நூறு போன்.

வண்ணார்பேட்டை வக்கீல் · காலை 10.24

குற்றாலம் 2019 நவம்பரிலிருந்து தென்காசி மாவட்டம். 12 வருடமாகச் சென்னையில் இருப்பவருக்குச் செய்தி வந்து சேரவில்லை போல.

சென்னைவாழ் நெல்லை · காலை 10.27

கோடு கிழித்தால் அருவி ஓடிப் போய்விடுமா? அது நெல்லைச் சீமைதான்.

பாளை வாத்தியார் · காலை 10.30

அவரவருக்கு இஷ்டப்பட்ட மாவட்டம், இஷ்டப்பட்ட வயது. நல்லது. டவுண்காரரே, 2014இல் பிறந்த பிள்ளை என்று வைத்துக்கொண்டால் 13 காட்ட அதற்கு முந்தைய வருடம் ஏதோ ஒன்றைப் போட்டிருக்க வேண்டும். 2012ஆ? 2010ஆ? துணிந்து 2000ஆ?

அம்பை மைனி · மதியம் 1.15

அடுப்படி வேலை முடிந்து இப்போதுதான் பார்த்தேன். ஏன் இப்படி ஆளாளுக்கு வருடத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்? பெற்றோர் நடத்தும் கணக்கு என்று முகப்பிலேயே எழுதிவிட்டால் 13 ஆகாத பிள்ளைக்கும் இன்ஸ்டாகிராமில் கணக்கு வைத்திருக்கலாம். அவர்கள் விதியிலேயே இருக்கிறது. பொய்யே தேவையில்லை.

பொய் சொன்னதால் வருகிற கேடு வேறு. 2024இல் வளரிளம் பிள்ளைகளுக்கென்று தனிக் கணக்கு முறை கொண்டுவந்தார்களே, அதில் தெரியாத ஆள் பிள்ளைக்குத் தனிச் செய்தி அனுப்ப முடியாது, கணக்கும் தானாகவே பூட்டி இருக்கும். பிள்ளைக்கு 2000 என்று போட்டுவிட்டால் கம்பெனி கணக்கில் அவள் பெரிய பொம்பளை. எந்தப் பூட்டும் விழாது.

மாசியில் பாபநாசம் படித்துறையில் ஒன்றைப் பார்த்தேன். பத்து வயசு இருக்கும். காலை ஆறரை மணி, நனைந்த பாவாடை, உதடு நீலம் பாரித்துக் கிடக்கிறது. அப்பா போனைப் பிடித்துக்கொண்டு "சிரி, பல்லு தெரிய சிரி" என்கிறார். அம்மா துண்டை வைத்துக்கொண்டு நிற்கிறாள், அவர் கையைக் காட்டுகிற வரைக்கும் கொடுக்கவில்லை. ஒன்பது தடவை முங்கி எழுந்தது. எண்ணினேன்.

பாளை வாத்தியார் · மதியம் 1.22

மைனி சொன்னதைத்தான் நான் காலையிலிருந்து சொல்கிறேன்.

அம்பை மைனி · மதியம் 1.23

நீங்கள் எங்கே சொன்னீர்கள்? நீங்கள் வருடம் கேட்டீர்கள்.

டவுண்காரன் · மதியம் 1.50

மைனி, பாபநாசத்தில் எவனோ செய்ததற்கு நான் பொறுப்பா? என் மகளை நான் தண்ணீரில் இறக்கினது இல்லை. ரிங் லைட்டை அரிசி டிரம்மில் சாய்த்து வைத்து, அடுப்படியில் ஆச்சி அல்வா கிண்டுவதை அவள் பேசிக் காட்டினாள். அவ்வளவுதான். 41,000 பேர் பார்த்தார்கள். இப்போது அவள் கல்லிடைக்குறிச்சியில் ஆச்சி வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது, போனை இங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். ரீல் இல்லாமல் எனக்கு 200 ஃபாலோயர் குறைந்துவிட்டது.

அம்பை மைனி · மதியம் 1.53

உமக்கா, அவளுக்கா?

சென்னைவாழ் நெல்லை · மதியம் 1.55

அந்த அல்வா ரீலை நானும் பார்த்தேன். "கோதுமை மாவைக் கரைத்து" என்று பிள்ளை சொல்கிறது. நெல்லைக்காரர் வீட்டில் மாவா? சம்பா கோதுமையை ஊறப் போட்டு, ஆட்டிப் பாலெடுத்து, புளிக்க வைத்துக் கிண்டினால்தான் அல்வா. மற்றது களி.

டவுண்காரன் · மதியம் 2.01

என் மாமியார் கிண்டுவதைக் களி என்று சொல்ல நீர் யார்? சென்னையில் பாக்கெட் வாங்கித் தின்கிறவருக்கு நாக்கு இவ்வளவு நீளமா? பிள்ளை வாய் தவறிச் சொன்னது, பால்தான் எடுத்தார்கள்.

வண்ணார்பேட்டை வக்கீல் · மதியம் 2.04

பால் எடுத்தார்கள் என்பதற்கு ரீலில் ஆதாரம் இல்லை.

பாளை வாத்தியார் · மதியம் 2.10

அல்வாவைப் பற்றிப் பேச எனக்கும் ஆசைதான். ஆனால் ஆளை நழுவ விடமாட்டேன். வருடம்?

டவுண்காரன் · மதியம் 2.30

சரி சார். இனிமேலும் மறைப்பானேன், நான் உங்கள் பழைய மாணவன். பத்தாம் வகுப்பு, பி பிரிவு, ஜன்னல் ஓரம். அரைப் பரீட்சையில் கணக்கில் 34 போட்டீர்கள். 35 எடுத்தால் பாஸ். ஒரு மார்க் போடச் சொல்லி என் அப்பா சைக்கிளில் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். "மார்க் என்ன மாங்காயா பறித்துக் கொடுக்க" என்று கேட்டீர்கள். அந்தக் கோபத்தில்தான் காலையிலிருந்து பதில் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாளை வாத்தியார் · மதியம் 2.38

ஓ, நீயா! தேற்றத்தை எழுதிவிட்டு நிரூபணத்தை விட்டவன். இப்போதும் அதே புத்திதான். ஏலே, அன்றைக்கு உனக்கு ஒரு மார்க் கூட்டிப் போட்டிருந்தால் அதுவும் பொய்தான். நான் போடவில்லை. நீ வருடத்தைப் போட்டாய். என்ன வருடம்?

பத்தமடைப் பாய் · மாலை 4.45

அஸர் தொழுதுவிட்டு வந்து மொத்தத்தையும் படித்தேன். சார்வாள், தப்பாக நினைக்கக்கூடாது. ஒண்ணாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க வந்தால் தலைக்கு மேலே கையைப் போட்டுக் காதைத் தொடச் சொல்வீர்கள். தொட்டால் அஞ்சு வயசு. தேதி தெரியாத பிள்ளைக்கெல்லாம் வாத்திமாரே மே, ஜூன் என்று ஒரு தேதி போட்டுவிடுவார்கள். எங்கள் தெருவில் எனக்கும் என் அண்ணனுக்கும் எட்டு மாச வித்தியாசம், சர்டிபிகேட்படி. எங்கள் உம்மா இன்னும் சிரிப்பாள்.

பாளை வாத்தியார் · மாலை 4.50

அது தொடக்கப் பள்ளி. நான் உயர்நிலைப் பள்ளி. அது வேறு, இது வேறு.

பத்தமடைப் பாய் · மாலை 4.58

வேறாகவே இருக்கட்டும். வருஷா வருஷம் ஜூன் 2ஆம் தேதி இந்தக் குழுவில் எல்லாரும் சார்வாளுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்கிறோம். உங்கள் அறுபதாம் கல்யாணத்துக்குப் பேர் போட்ட பட்டுப்பாய் நெய்து கொடுத்தது நான். ஐப்பசி அடைமழை. பாய் நனையக்கூடாது என்று யூரியா சாக்கைச் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஐப்பசியில் அறுபது நிறைந்தவர் ஜூனில் எப்படிப் பிறந்தார்?

டவுண்காரன் · மாலை 4.59

பாய்! உங்கள் வாய்க்கு ஒரு கிலோ அல்வா என் செலவு.

சென்னைவாழ் நெல்லை · மாலை 5.00

மாவா, பாலா?

பாளை வாத்தியார் · மாலை 5.20

ஜூன் 2 நான் போட்டதில்லை. என் அப்பா என்னைச் சேர்க்கப் போனபோது அங்கே இருந்த வாத்தியார் போட்டது. எனக்கு அதில் பங்கில்லை.

டவுண்காரன் · மாலை 5.22

என் மகளுக்கும் பங்கில்லை சார். நான்தான் போட்டேன்.

பாளை வாத்தியார் · மாலை 5.24

அதையே நானும் கேட்கிறேன். என்ன போட்டாய்?

பத்தமடைப் பாய் · மாலை 5.40

சிரிப்பை விடுங்கள். என் தங்கச்சி மகன் டிக்டாக்கில் இருந்தான். பேட்டை ரோட்டில் சைக்கிளை ஒரு சக்கரத்தில் ஓட்டிக் காட்டுவான். 60,000 பேர் பின்னால். 2020 ஜூன் 29ஆம் தேதி ராத்திரி தடை என்றார்கள். காலையில் பல்லுகூடத் தேய்க்காமல் திண்ணையில் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரோ செத்துப் போனார்களோ என்று என் தங்கச்சி பயந்துவிட்டாள். அந்த 60,000 பேரில் ஒரு ஆள் அவனைத் தேடி வரவில்லை. இதை உங்கள் பத்து நாளில் எந்த நாளில் சொல்லிக் கொடுப்பீர் தம்பி?

டவுண்காரன் · மாலை 5.47

அதனால்தான் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது, மூன்று நான்கு தளத்தில் கணக்கு வேண்டும் என்று ஆறாம் நாள் பாடத்தில் வைத்திருக்கிறேன்.

பாளை வாத்தியார் · மாலை 5.48

நான்கு தளத்திலும் ஒரே வருடமா, தளத்துக்கு ஒன்றா?

வண்ணார்பேட்டை வக்கீல் · மாலை 6.15

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10ஆம் தேதியிலிருந்து 16க்குக் கீழே கணக்கே வைக்க முடியாது. இங்கே 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 ஆகாதவர் எல்லாரும் குழந்தை, பெற்றோர் சம்மதம் வேண்டும். டவுண்காரர் சம்மதம் கொடுத்த பெற்றோரா, பொய் எழுதிய பெற்றோரா, பாவாடை வாங்கிய பெற்றோரா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

டவுண்காரன் · மாலை 6.20

பாவாடையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், விடுங்கள்!

அம்பை மைனி · மாலை 6.31

அந்தப் பிள்ளை போனை விட்டுவிட்டுப் போனது என்றீரே, மறந்து போனாளா, வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனாளா?

சென்னைவாழ் நெல்லை · மாலை 6.33

கல்லிடைக்குறிச்சி என்றதும் ஞாபகம் வருகிறது. அப்பளம் அங்கே இப்போதும் கையால்தான் இடுகிறார்களா, மெஷினா?

டவுண்காரன் · மாலை 6.35

கைதான். என் மாமியார் வீட்டுத் தெருவிலேயே இடுகிறார்கள்.

வண்ணார்பேட்டை வக்கீல் · மாலை 6.36

மெஷின் வந்து வெகுகாலம் ஆகிறது.

டவுண்காரன் · மாலை 6.36

உமக்கு என்ன தெரியும்? வண்ணார்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு.

மட்டுறுத்துநர் · இரவு 8.00

அல்வா, அப்பளம், குற்றாலம் பற்றிய பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றுகிறேன். ஐந்து பேர் வகுப்பில் இடம் இருக்கிறதா என்று எனக்குத் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். நான் நடத்தவில்லை, டவுண்காரரைக் கேளுங்கள்.

பாளை வாத்தியார் · இரவு 8.04

மாற்றுங்கள். நான் அந்த இழைக்கும் வருவேன். சேரப் போகிற ஐந்து பேரும் படிவத்தில் பிள்ளையின் பிறந்த வருடம் என்று ஒரு கட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.

டவுண்காரன் · இரவு 8.11

இருக்கிறது சார். பென்சிலால் நிரப்பச் சொல்லியிருக்கிறேன்.