நற்செய்திக்கு முன்னால் வந்தால் பூசை "செல்லும்" என்று யார் சொன்னது?

முழுப்பூசை:
மறைக்கல்வி வகுப்பு முடிந்து வந்த பேத்தி என்னிடம் சொல்கிறாள்: "தாத்தா, நற்செய்தி வாசிக்கிறதுக்குள்ள உள்ள போயிட்டா பூசை செல்லுமாம், ஞாயிறு கடன் தீர்ந்துடுமாம், டீச்சர் சொன்னாங்க." பத்து வயசுப் பிள்ளைக்கு இதையா சொல்லிக்கொடுப்பது? கத்தோலிக்கத் திருச்சபைக் கட்டளைகளில் முதலாவது என்ன? "ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடன் திருநாட்களிலும் முழுப்பூசை காண்கிறது." முழு. முக்கால் இல்லை. இருபத்தெட்டு வருஷம் ஞாயிறு வகுப்பு எடுத்தவன் நான். ஒரு பிள்ளைக்கும் இப்படிக் குறுக்குவழி காட்டியதில்லை. இந்தக் கணக்கை யார் கண்டுபிடித்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சட்டம்படித்தவன்:
புதுசாக யாரும் கண்டுபிடிக்கவில்லை ஐயா. பழைய ஒழுக்க இயல் ஆசிரியர்கள் போட்ட கணக்கின் மிச்சம் அது. காணிக்கை, அப்பமும் இரசமும் ஆண்டவரின் உடலும் இரத்தமுமாகிற எழுந்தேற்றம், நற்கருணை வாங்குகிற நன்மை என்று பூசைக்கு மூன்று முக்கிய பாகம் வைத்தார்கள். காணிக்கைக்கு முன் வந்துவிட்டால் ஆன்மாவைக் கொல்லும் சாவான பாவம் இல்லை, சிறிய பாவமான அற்ப பாவம்தான் என்று எழுதினார்கள். நீங்கள் பெருமைப்படுகிற அந்தக் காலம்தான் இதில் தாராளம். திருச்சபையின் 1917 சட்டத் தொகுப்பு பூசை "கேட்க வேண்டும்" என்றது, 1983 தொகுப்பு 1247-ஆம் எண்ணில் "பங்கேற்க வேண்டும்" என்கிறது. இரண்டிலும் நிமிஷக் கணக்கு கிடையாது.

முழுப்பூசை:
நிமிஷக் கணக்கு ஏன் இல்லை? முழுசுக்கும் வரவேண்டும் என்பதால்தான். கல்யாணத்துக்கு அழைத்தால், எத்தனை மணிக்குள் வந்தால் வந்ததாக எழுதிக்கொள்வீர்கள் என்றா கேட்பீர்கள்? அற்ப பாவம்தானே என்று சொல்கிற வாய் நாளைக்கு எதையும் சொல்லும்.

சட்டம் படித்தவர் சங்க ஏட்டைப் படிக்கவில்லை போலிருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1963, திருவழிபாடு பற்றிய ஏடு, எண் 56. இறைவாக்கு வழிபாடும் நற்கருணை வழிபாடும் பிரிக்க முடியாதபடி சேர்ந்த ஒரே வழிபாடு. *முழுப் பூசையிலும்* பங்கெடுக்க மக்களுக்கு விடாமல் கற்பியுங்கள் என்று மேய்ப்பர்களை வற்புறுத்துகிறது. முழு! சங்கமே சொன்ன பிறகு உங்கள் பழைய ஆசிரியர்கள் எதற்கு?

சட்டம்படித்தவன்:
கற்பியுங்கள் என்றுதான் சொல்கிறது. பிந்தினால் செல்லாது என்று எங்கே சொல்கிறது? அந்த வரியைக் காட்டுங்கள்.

முழுப்பூசை:
செல்லும் என்று எங்கே சொல்கிறது? முதலில் நீங்கள் அந்த வரியைக் காட்டுங்கள்.

இரவுவிளக்கு:
நான் அநேகமாக எல்லா ஞாயிறும் இரண்டாம் வாசகத்தில் நுழைகிறவள். அம்மா ஆறு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். போன ஞாயிறு நான் கிளம்பி, செருப்பு மாட்டின பிறகு கூப்பிட்டார். விரிப்பு நனைந்திருந்தது. ஒருபக்கமாகப் புரட்டி, துடைத்து, விரிப்பை உருவி, மறுபக்கம் புரட்டி வேறு விரித்து, முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்து, கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன். கோயில் கதவைத் தள்ளும்போது உள்ளே "இறைவா உமக்கு நன்றி" என்று சத்தம். அல்லேலூயாவுக்கு எல்லாரும் எழுந்தார்கள், அந்த நேரம் பார்த்து நுழைந்துகொண்டேன். கையில் மருந்து வாசம் போகவே இல்லை. அந்தக் கையில்தான் நன்மை வாங்கினேன். அந்தப் பூசை செல்லுமா செல்லாதா என்று தாத்தாவே சொல்லட்டும்.

முழுப்பூசை:
சகோதரி, உங்களை யார் சொன்னது? திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2181-இல் தெளிவாக இருக்கிறது: நோய், கைக்குழந்தைப் பராமரிப்பு மாதிரித் தகுந்த காரணம் இருந்தால் கடமையே விலகிவிடும். ஆனால் உங்கள் காரணத்தைக் காட்டி ஊரெல்லாம் பிந்தி வரலாம் என்று ஆக்கிவிடாதீர்கள். முந்தின நாள் மாலைப் பூசையே ஞாயிறு கடனுக்குப் போதும், சட்டம் 1248-இல் இருக்கிறது. அதற்கு முயற்சி செய்யலாமே?

இரவுவிளக்கு:
சனிக்கிழமை மாலையில் அம்மா எழுந்து நடப்பார் என்று நினைத்தீர்களா? விலக்கு கேட்டு நான் இங்கே வரவில்லை. விலக்கு இருப்பது எனக்கும் தெரியும். விலக்கு இருந்தும் ஓடி வருகிறவளை, கதவு திறக்கிற சத்தத்துக்கே திரும்பிப் பார்க்கிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன். அந்த ஒரு பார்வைக்குப் பயந்து வராமலே நின்றுபோனவர்கள் எனக்குத் தெரியும்.

தோமையார்விரல்:
மத்தேயு 5:23-24 எடுத்துப் பாருங்க. காணிக்கை செலுத்த வந்த இடத்துல, சகோதரனுக்கு உம்மேல மனத்தாங்கல் இருக்குன்னு நினைவு வந்தா, காணிக்கையை அங்கேயே வச்சிட்டு முதல்ல போய் சமாதானம் ஆகிட்டு வாங்கறார் ஆண்டவர். அப்படிப் போயிட்டு வர்றவன் பிந்தித்தான் வருவான். அவன் பூசை செல்லுமா ஐயா?

முழுப்பூசை:
அவன் முதலிலேயே பீடம் வரைக்கும் வந்தவன் தம்பி. வசனத்தை ஒழுங்காகப் படியுங்கள். நேரத்தோடு வந்ததால்தான் காணிக்கை கையில் இருந்தது.

தோமையார்விரல்:
ஆண்டவர் சொன்ன உவமையில திராட்சைத் தோட்டத்துக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்தவனுக்கும் அதே கூலிதானே குடுத்தார்? முணுமுணுத்தது யாரு? காலையிலேயே வந்தவங்க. உங்களை மாதிரி.

முழுப்பூசை:
பத்துக் கன்னியர் உவமையை ஏன் விட்டுவிட்டீர்கள்? எண்ணெய் வாங்கப் போய்விட்டுப் பிந்தி வந்த ஐந்து பேருக்கு என்ன ஆயிற்று? கதவு அடைக்கப்பட்டது. மத்தேயு 25. வசதியான உவமையை மட்டும் பொறுக்கக் கூடாது.

304-ஆம் வருஷம் வட ஆப்பிரிக்காவின் அபித்தினா ஊர் மறைசாட்சிகள், ஞாயிறு வழிபாடு இல்லாமல் எங்களால் வாழ முடியாது என்று சொல்லி உயிரையே கொடுத்தார்கள். உரோமைப் பேரரசன் தியோக்கிளேசியன் தடை போட்டிருந்தான், அப்படியும் கூடினார்கள். அவர்கள் எந்த வாசகத்துக்குள் வந்தால் போதும் என்று கேட்டார்களா?

தோமையார்விரல்:
அவங்களைப் பிடிச்சுக் குடுத்தவனுக்குத்தான் யார் எப்ப வந்தான்னு கணக்கு வேணும். ஞாயிறு ஒரு மணி நேரத்தையே பிடிச்சுத் தொங்குறீங்க, மீதி ஆறு நாளைப் பத்தி ஒரு வார்த்தை வரலை. வேலைக்காரன் கூலியைப் பிடிச்சு வச்சா அந்தக் கூலியே கூக்குரலிடும்னு யாக்கோபு அஞ்சாம் அதிகாரத்துல எழுதியிருக்கார். சம்பளத்தை இழுத்தடிச்சிட்டு முதல் பெஞ்சுல நேரத்தோட உட்கார்ந்திருக்கிறவன் பூசை செல்லுமா? அதுக்கு உங்க வகுப்புல பதில் உண்டா?

முழுப்பூசை:
அவன் பாவத்துக்கு அவன் பாவசங்கீர்த்தனம் பண்ணட்டும். அது வேறு திரி. இங்கே கேள்வி "முழு" என்ற ஒரு சொல். யாராவது அதற்குப் பதில் சொல்கிறீர்களா என்றால் இல்லை. நன்மை வாங்குவதற்கு ஒழுங்கு, பூசைக்கு ஒழுங்கு, எல்லாம் போயிற்று. பூசைக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்பது இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

சட்டம்படித்தவன்:
பூசைக்கு முன் இல்லை ஐயா, நன்மை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம். 1964-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் குறைத்தது, இன்று சட்டம் 919. வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் *அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும்* அதுவும் கட்டாயம் இல்லை. இருபத்தெட்டு வருஷம் வகுப்பில் பூசைக்கு முன் என்றா சொல்லிக்கொடுத்தீர்கள்?

முழுப்பூசை:
பூசைக்கு முன் என்று சொன்னால் பிள்ளைகள் சேர்த்தே கடைப்பிடிப்பார்கள். கூடுதலாகச் செய்தால் குற்றமா? நான் சிறுவனாக இருந்தபோது பெரியவர்கள் நடுராத்திரி முதல் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்ததைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சட்டம்படித்தவன்:
அந்தத் தண்ணீர்த் தடையை 1953-லேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) எடுத்துவிட்டார். தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

முழுப்பூசை:
தப்பு இல்லாததற்கு எதற்குச் சொல்ல வேண்டும்? பேச்சை மாற்றாதீர்கள். முழு.

கடைசிப்பெஞ்சு:
ரெண்டு வயசுப் பையனை வச்சிருக்கேன். பிரசங்கத்துல அழ ஆரம்பிச்சான்னா வெளிய தூக்கிட்டுப் போயிருவேன், எழுந்தேற்ற மணி கேட்டுத்தான் திரும்ப உள்ள வருவேன். நேரத்துக்கு வந்தும் என் பூசையில பாதி வாசல்லதான் நடக்குது. இது முழுப்பூசையா, அரைப்பூசையா?

அப்புறம் ஒண்ணு ஐயா. தவக்காலத் திரியில நீங்களே எழுதியிருந்தீங்க: "நன்மை வாங்கி நன்றி செபம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன், அறிவிப்புகளைக் கேட்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது"ன்னு. நான் மறக்கலை. அறிவிப்புக்குப் பிறகுதானே இறுதி ஆசீர்?

முழுப்பூசை:
அறிவிப்பு பூசையில் சேராது.

கடைசிப்பெஞ்சு:
ஆசீர் சேருமா சேராதா?

முழுப்பூசை:
ஆசீருக்கு வாசலில் நின்று தலைகுனிந்து சிலுவை போட்டுவிட்டுத்தான் போவேன். எனக்கு மூட்டுவலி. நெடுநேரம் உட்கார முடியாது. அது தகுந்த காரணம். 2181.

இரவுவிளக்கு:
உங்கள் மூட்டுவலிக்கு 2181 இருக்கிறது. என் அம்மாவின் முதுகுப் புண்ணுக்கு மட்டும் "சனி மாலை முயற்சி செய்யலாமே".

முழுப்பூசை:
உங்களுக்கும் விலக்கு உண்டு என்று முதலிலேயே சொன்னேன், மேலே போய்ப் பாருங்கள். என் சொல்லைத் திரிக்காதீர்கள். மறைக்கல்வி ஆசிரியை பத்து வயசுப் பிள்ளைக்கு என்ன சொன்னார் என்பதுதான் இந்தத் திரி. அந்தப் பிள்ளைக்கு மூட்டுவலியும் இல்லை, படுக்கையில் அம்மாவும் இல்லை.

தோமையார்விரல்:
அந்தப் பிள்ளை தாத்தா நடுவுல எழுந்து போறதைத்தானே வாராவாரம் பார்க்குது.

முழுப்பூசை:
நடுவில் இல்லை. கடைசியில். நன்மைக்குப் பிறகு. எத்தனை தடவை சொல்வது? கட்டளையில் "முழுப்பூசை" என்று இருக்கிறதா இல்லையா? இருக்கிறது அல்லது இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லுங்கள். வேறு எதையும் இனி நான் படிக்கப்போவதில்லை.

சட்டம்படித்தவன்:
இருக்கிறது. பிந்தினால் செல்லாது என்ற வரி இல்லை.

முழுப்பூசை:
இருக்கிறது என்று ஒத்துக்கொண்டீர்கள். அது போதும்.

சட்டம்படித்தவன்:
நான் ஒத்துக்கொண்டது அதை இல்லை. 919-க்கு இன்னும் பதில் வரவில்லை.

கடைசிப்பெஞ்சு:
ஆசீருக்கும்.